சிதறிய அல்பத்தை மீண்டும் சேர்ப்பது: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு குடும்பத்தின் பழைய படங்கள் அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே இருப்பது அரிது. 1990இல், 1995-96இல், பிறகு 2008-09இல் என்று இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அரிசி, சட்டி பானை, அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் முன்னால் போயின. அல்பம் பின்னால் நின்றது. சிலர் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்தார்கள். சிலர் கடைசிவரை கொண்டுபோய் முள்ளிவாய்க்காலில் விட்டார்கள்.

ஆனால் அதே படங்களின் பிரதிகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபூரல் என்று எது நடந்தாலும் இரண்டு மூன்று படங்களைக் கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது வழக்கம். அனுப்பியது நாங்கள், பத்திரமாக இருப்பது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும். ஆகவே இந்த வழிகாட்டி, கையில் ஒரு படமும் இல்லை என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் ஸ்கேனர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது பின்னால் செய்யலாம். படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்லக்கூடிய முதியவர்களிடம் கேட்டு எழுதுவதே அவசரமான வேலை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் இருந்தால், கீழே உள்ள இரண்டாம் படியை இன்றைக்கே தொடங்குங்கள். மற்றவை காத்திருக்கும்.

முதலாம் படி: எங்கே தேடுவது

"பழைய படம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை, எல்லாம் போய்விட்டது" என்ற பதில்தான் வரும். ஒரு நிகழ்வைச் சொல்லிக் கேளுங்கள். "மாமி, சின்னக்காவின் சாமத்தியச் சடங்குக்குப் பிறகு அம்மா உங்களுக்குக் கடிதத்தோடு ஏதாவது அனுப்பினாரா?" என்று கேட்டால் மாமி எழுந்துபோய் அலுமாரியைத் திறப்பார். கடித உறையையும் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் குத்திய தபால் முத்திரையில் திகதி இருக்கும்.

கலியாணப் படங்களுக்கு இரண்டு பக்கத்தையும் தேட வேண்டும். பெண் வீட்டாரிடம் அழிந்தது மாப்பிள்ளை வீட்டாரிடம் இருக்கலாம். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கொண்டாட்டங்களை வீடியோ எடுத்து, கசெற்றின் பிரதியையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கசெற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றினால் ஓடும் படத்திலிருந்து முகங்களை நிறுத்தி எடுக்கலாம். பந்தியில் பரிமாறியவர், அடுப்படியில் நின்றவர், பந்தல் கால் பிடித்தவர் என்று போட்டோக்காரரின் கண்ணில் படாத பலர் அங்கே கிடைப்பார்கள்.

தாத்தா பாட்டியின் படமே இல்லை என்பவர்கள் அடையாள அட்டையைத் தேடுங்கள். தேசிய அடையாள அட்டை 1972இலிருந்து வழங்கப்படுகிறது. தோட்டத்தையும் வயலையும் தவிர வேறு எதற்கும் நேரமில்லாத மனிதர்கள் வாழ்நாளில் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தது அந்த அட்டைக்காகவே என்பதும் உண்டு. வன்னி வீடுகளின் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் பெரிய படங்களில் பல அந்தச் சிறிய படத்தைப் பெருப்பித்து எடுத்தவைதான். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை, விறைத்த பார்வை என்று பார்த்தவுடனேயே தெரியும்.

செத்தவீட்டுப் படங்களை ஒதுக்கிவிடாதீர்கள். பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற நாட்களில் ஒன்றுசேராத சகோதரர்கள் அத்தனை பேரும் ஒரே சட்டத்துக்குள் நிற்பது அதில்தான். அதைப்போலவே, மீள்குடியேறிய காலத்தில் பதிவுக்காக வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி எடுத்த குடும்பப் படமும். விரும்பி எடுத்த படமில்லை. ஆனால் தகரக் கொட்டிலும் அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களும் அப்படியே அதில் பதிந்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: முதியவரோடு உட்காருவது

அல்பத்தை முழுதாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு தடவையில் ஒரு படம். கைபேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். காலைச் சமையல் முடிந்த பின்னேரமே நல்ல நேரம். இருட்டியபின் பேச்சு துக்கத்துக்குப் போகும் என்பது என் அனுபவம்.

வருடத்தைக் கேட்காதீர்கள். எங்களிடம் கனடாவிலிருந்து திரும்பி வந்த உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஆட்கள் நெருக்கியடித்து இருக்கிறார்கள். பின்கதவு திறந்து தொங்குகிறது. அதில் சிறுவர்கள் காலைத் தொங்கவிட்டபடி. ஓரத்தில் ஒரு பெரிய வாளி, வாய்க்குச் சாக்குக் கட்டியிருக்கிறது. "அம்மம்மா, இது எந்த வருடம்?" என்று கேட்டபோது "ஆருக்குத் தெரியும் மோனை" என்றார். "அந்த வாளிக்குள் என்ன அம்மம்மா?" என்று கேட்டதும் கண்ணாடியைத் தேடினார்.

"தண்ணீர். மடுத் திருவிழாவுக்குப் போனது. அங்கே சனத்துக்குள் தண்ணீருக்கு அடிபட வேண்டும் என்று வீட்டுக் கிணற்றிலேயே அள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே தளும்பிச் சின்னவனின் புதுக் காற்சட்டை நனைந்துபோனது. அதனால்தான் அவன் படத்தில் அழுகிறான், பார்."

சைவக் குடும்பம் ஏன் மடு மாதா தேவாலயத்துக்குப் போனது என்று கேட்டேன். மாமாவைப் பாம்பு கடித்துப் பிழைத்ததற்கு நேர்த்தி. மடு மண் விஷம் இறக்கும் என்ற நம்பிக்கை வன்னியில் சைவர், கத்தோலிக்கர் என்று பார்ப்பதில்லை. மாமாவைப் பாம்பு கடித்தது எப்போது? பெரியக்கா பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிப்பதற்கு முன். பெரியக்காவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. வருடம் கிடைத்துவிட்டது. மடு மாதாவின் பெருவிழா ஆவணியில், ஆகஸ்ட் 15ஆம் திகதி. அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய் மரத்தடியில் கொட்டில் போட்டுத் தங்கியதையும் அம்மம்மாவே சொன்னார். தெரியாது என்று தொடங்கிய படத்துக்கு நாளே கிடைத்தது.

முதியவர்களின் கணக்கு பிறப்பிலும் இறப்பிலும் வெள்ளத்திலும் விளைச்சலிலும் நடக்கிறது. அந்தக் கணக்கிலேயே கேளுங்கள்: அப்போது யார் வயிற்றில் இருந்தார்கள், எந்த மாடு கன்று போட்டிருந்தது, காலபோக வெட்டு முடிந்துவிட்டதா, பாலைப்பழம் பழுத்திருந்ததா, என்ன சமைத்துக்கொண்டு போனீர்கள், எந்தக் கடையில் துணி எடுத்தீர்கள். பெயர்களை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எழுதுங்கள். வீட்டுப் பெயரோடு பதிவுப் பெயரையும் கேளுங்கள். "குஞ்சு", "ராசா", "பபா" என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு ஊரிலுள்ள ராசாக்களில் எந்த ராசா என்று தெரியாது.

கடைசியாக இரண்டு கேள்விகள். படம் எடுத்தவர் யார்? அன்றைக்கு வராமல் வீட்டில் நின்றவர் யார்? முதல் கேள்விக்கு, எந்தப் படத்திலும் இல்லாத ஒரு சித்தப்பா வெளியே வருவார். இரண்டாவதற்கு வரும் பதில் சில வேளைகளில் படத்தைவிட நீளமானது. யாரோ மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது, யாரோ கோபித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ அந்தக் கிழமை வீட்டைவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: படத்துக்கு வருடம் கண்டுபிடிப்பது

ஆட்களின் நினைவு ஓரளவு சொல்லும். மிச்சத்தைப் படமே சொல்லும். வன்னியில் பாதை திறப்பதும் மூடுவதும் பெரிய அடையாளம்.

கிளிநொச்சி ரயில் நிலையத்தில் குடும்பம் பெட்டி படுக்கையோடு ரயிலுக்கு நிற்கிறதா? யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். வடக்குப் பாதையில் சேவை நின்றது 1990இல். மீண்டும் கிளிநொச்சிவரை வந்தது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணம்வரை போனது 2014 ஒக்டோபரில். இடையில் கிளிநொச்சிக்கு ரயில் கிடையாது.

கண்டியிலிருந்து வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மூடியது. இந்த நாலு வருடத்தைத் தனியாகக் கவனியுங்கள். பல குடும்பங்களின் நல்ல வண்ணப் படங்கள் இந்தக் காலத்தில் எடுத்தவை. வெளிநாட்டிலிருந்து சித்தப்பாமாரும் மாமிமாரும் கமெராவோடு வந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு, வான் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும்போல் இருக்கிறது. அந்தப் படத்தில் கறுப்புக் கண்ணாடியும் முழங்கால் காற்சட்டையும் போட்டவர் வெளிநாட்டுக்காரர்; கைகட்டி நிற்பவர் வீட்டுக்காரர்.

கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் பின்னால் தெரிந்தால் அது எந்தக் கோபுரம் என்று பாருங்கள். பழையது 1990இல் அழிந்தது. இப்போதுள்ளது 2011இல் திறக்கப்பட்டது. இரணைமடுக் குளத்து வான்கதவுகளுக்குப் பக்கத்தில் எடுத்த படமென்றால், புனரமைப்பு முடிந்து குளம் திறந்து வைக்கப்பட்டது 2018 டிசம்பரில். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளும் தேவாலயங்களும் பின்னால் இருந்தால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னா பின்னா என்பதே முதல் கேள்வி.

வாகன இலக்கத் தகட்டைப் பெருப்பித்துப் பாருங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் வந்தது. அதற்கு முந்தைய தகடுகளில் ஆங்கில எழுத்துகள். ஸ்ரீக்குப் பிறகு இலக்கங்கள் மட்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து மீண்டும் ஆங்கில எழுத்துகள். ஆனால் வன்னியில் பழைய வாகனங்கள் நெடுங்காலம் ஓடின. தகடு சொல்வது "இதற்கு முன் இல்லை" என்பதை மட்டுமே.

கோயில் படங்களுக்குப் பஞ்சாங்கம் கைகொடுக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் வருவது. வருடம் தெரிந்தால் நாளைப் பழைய பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வீட்டுப் பொங்கல் படங்களில் இரண்டு வேறு வருடங்களை ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் அக்கா பாற்செம்போடு நிற்கிறார், மற்றதில் அண்ணா காவடியோடு. பின்னால் நந்திக்கடல் பக்கத்து வெளி. ஒன்றில் நீர் தெரிகிறது, மற்றதில் ஒரே வெடித்த சேறு. அந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பிரித்தோம். உப்புநீரில் எரியும் விளக்கைப் பார்க்க நடுச்சாமம்வரை விழித்திருந்த கதையை அண்ணாவும் அக்காவும் இன்றும் ஒருவருக்கொருவர் மறுத்துச் சொல்கிறார்கள். யார் முதலில் தூங்கியது என்பதற்கு மட்டும் படத்தில் சான்று இல்லை.

படத்தின் தாளும் பேசும். வெள்ளை ஓரத்தோடு சதுரமாக, சிவப்பேறிய வண்ணப் படம் என்றால் பெரும்பாலும் எழுபதுகள், எண்பதுகளின் முற்பகுதி. மூலையில் செம்மஞ்சள் இலக்கத்தில் திகதி விழுந்திருந்தால் எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பின். ஆனால் அந்தக் கமெராவின் கடிகாரத்தை யாராவது சரிசெய்து வைத்திருந்தால்தான் அது உண்மை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது, மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்து வன்னிக் கலியாணப் படங்களில் வெயில் நிறைய விழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறுதியில்லாத வருடத்தை உறுதிபோல் எழுதாதீர்கள். "1984க்கும் 1987க்கும் இடையில், அம்மம்மா சொன்னது" என்று எழுதினால் போதும். யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுவது முக்கியம்.

நான்காம் படி: பழுதான படங்கள்

புதைத்து எடுத்த படங்களும் வெள்ளத்தில் நனைந்த படங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின். இழுத்தால் முகம் மற்றப் படத்தோடு போய்விடும்.

நனைந்து ஒட்டி, இன்னும் காயாத படங்களை சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானாகப் பிரியும்வரை பொறுத்திருங்கள். வன்னிக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். காய்ந்தபின் வெள்ளைப் படலம் விடும். வாகனத் திருத்தகங்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த நீர் நல்லது. ஆனால் அதே இராக்கையில் பற்றரி அமிலமும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். பின்பக்கத்தில் மையால் எழுதியிருந்தால் நீரில் போடுமுன் அதைப் படம் எடுத்துவிடுங்கள். பிரிந்த படங்களை முகம் மேலே தெரியும்படி நிழலில், மெல்லிய துணியில் பரப்புங்கள். 2018 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளம் வந்து, ஒரு பெட்டி நிறையப் படங்கள் ஒரேயடியாக நனைந்தால், இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் காயவைக்க முடியாது. பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். பிறகு சிறிது சிறிதாக எடுக்கலாம்.

வருடக்கணக்கில் காய்ந்து ஒட்டியவை வேறு வகை. அவற்றை நனைத்தால் படலமே கழன்றுவிடக்கூடும். கண்ணாடியில் ஒட்டிய சுவர்ப் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். அண்மைக் காலத்தில் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த படங்களை எக்காரணம் கொண்டும் நீரில் போடக் கூடாது. பசைத் தாளும் பொலித்தீன் உறையும் உள்ள அல்பங்களில் இருந்து படத்தை எடுக்க, மெழுகில்லாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெல்ல அறுப்பதுபோல் இழுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு அல்பத் தாளோடு பிரதி எடுங்கள்.

ஐந்தாம் படி: பிரதி எடுப்பது

ஸ்கேனர் கிடைத்தால் சாதாரணப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 1200, நெகற்றிவ் இருந்தால் 2400க்குக் குறையாமல். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். "அன்பு அண்ணாவுக்கு" என்ற கையெழுத்து முகத்தைப்போலவே முக்கியம்.

கைபேசிதான் இருக்கிறது என்றால் திண்ணையில், வெயில் நேரே விழாத காலை வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, கைபேசியை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அவர்களிடமிருந்து பெறும்போதும் "ஆவணம்" என்ற வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பெயரிடும்போது வருடம் முன்னால் வரட்டும்: "1985-08 மடு திருவிழா 01". அப்போது கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும்.

முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. மங்கிய முகத்தை அவை கண்டுபிடிப்பதில்லை, புதிதாக வரைகின்றன. அப்பப்பாவின் மூக்கு அழகாக வரும். அது அப்பப்பாவின் மூக்காக இராது. ஆசைக்கு ஒன்று செய்து பாருங்கள், ஆனால் மூலப் பிரதியை அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.

ஆறாம் படி: வைத்திருப்பது

எண்ணிமப் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்று வன்னிக்கு வெளியே. பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மூலப் படங்களைச் சீமெந்து நிலத்தில் வைக்காதீர்கள்; மாரியில் ஈரம் ஏறும், கறையான் வரும். தகர றங்குப் பெட்டிக்குள் வெயிலில் அவியும். பூச்சி உருண்டையும் வேண்டாம். உள்சுவர் ஓரத்து அலுமாரித் தட்டில், வெள்ளைத் தாள் உறைகளில் வைத்தால் போதும்.

ஏழாம் படி: எதைப் பகிர்வது, எதைப் பகிராமல் விடுவது

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர்போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் ஏந்தியிருக்கும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். சிலவற்றின் ஓரத்தில் இன்னொருவரின் தோளோ மாலையின் நுனியோ தெரியும். ஏதோ ஒரு கலியாண வீட்டுக் கூட்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் அது. அப்படி வெட்டிய படம் உங்களிடம் இருந்தால், வெட்டாத முழுப் படம் யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். முகத்தைப் பெருப்பிக்க வேண்டுமானால் பிரதியில் செய்யுங்கள்.

படத்தில் இருக்கும் எல்லோரும் உங்கள் குடும்பம் இல்லை. காணாமல் போனவர், சீருடையில் நிற்பவர், பிறகு பிரிந்துபோன கணவன் மனைவி, சாமத்தியச் சடங்கில் பதின்மூன்று வயதில் நின்று இன்று பேரப்பிள்ளை கண்ட பெண் என்று ஒவ்வொருவருக்கும் அந்தப் படம் பற்றி ஒரு எண்ணம் இருக்கும். முகநூலில் போடுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். குடும்பத்துக்கு அப்பாலும் பயன்படும் படங்கள் (பழைய சந்தை, பள்ளிக்கூடம், கோயில் தேர், தட்டிவான்) இருந்தால் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தையும் அதன் ஆவணகத்தையும் அணுகலாம்.

எட்டாம் படி: திருப்பிக் கொடுப்பது

சேர்த்த படங்களில் நல்லவற்றைத் தேர்ந்து அச்சிட்டு, இழந்தவர்களின் கையில் கொடுங்கள். கணினியில் இருப்பதாகச் சொன்னால் அம்மம்மாவுக்கு அது இல்லாததற்குச் சமம். பெரிய அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டால் வெளிச்சம் தெறிக்காமல் பார்ப்பார். வெளிநாட்டு உறவினர் மூலப் படத்தையே தந்திருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும், அவர் அனுப்பியபோது தெரியாமல் இருந்த பெயர்களோடு.

பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம்வரை தடம் பதிக்கும். வழுக்கும் தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்தோடு உறைக்குள் வையுங்கள். பெயர்கள், இடம், நாள், சொன்னவர், படம் எடுத்தவர். இடம் இருந்தால் வாளித் தண்ணீர் தளும்பிய கதையையும் இரண்டு வரியில் எழுதலாம்.